ஆட்டம் வண்டியில்தான் இருந்தது

மரக்காணத்து உப்பளத்தில் போய் தட்சணாமூர்த்தி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஆட்டம்’ எங்கே என்று கேட்டால், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கிற பெண்கள் கூட நிமிர்ந்து பார்த்து, சிரித்துவிட்டு, கையை நீட்டிக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைப் பிடுங்கிக்கொண்டு ஊர் அவனுக்குக் கொடுத்த பெயர் அது. அதைக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இன்றுவரை உறுத்தல் கிடையாது.

அவன் ஓட்டியது ஒரு சின்ன டிராக்டர். பெரிய வண்டி போகாத ஒடுக்கமான வரப்புப் பாதையிலும் போகும். அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சிவஞானம், ஆரணிப் பக்கம் யாரோ வயலில் ஓட்டி ஓட்டித் தீர்த்த பிறகு அதை வாங்கி வந்தார். வரும்போதே அதன் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தது. மிச்சத்தை உப்புக்காற்று தின்றது. கால் சுற்று திருப்பினாலும் முன் சக்கரம் அசையாது. சரி, இன்னும் கொஞ்சம் என்று திருப்பினால் சட்டென்று ஒரேயடியாகத் திரும்பிவிடும். அதனால் இடமும் வலமுமாக ஓயாமல் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் வண்டி பாதையில் நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வண்டி நெளிந்து நெளிந்து போவதும், மேலே உட்கார்ந்திருப்பவனின் தோள் ஆடுவதும்தான் தெரியும்.

அது போதாதென்று அளத்துச் சேறு வேறு. ஈரத்தில் பதிந்த டயர் தடம் வெயிலில் வெளுத்து இறுகிவிடும், மழை வருகிறவரை அழியாது. மூர்த்தி நெளிந்து போன தடமெல்லாம் அப்படியே கிடந்தது. காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை மிதித்துக்கொண்டுதான் வந்தார்கள். மிதித்தவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

குடித்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. பெருமுக்கலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அஞ்சலாட்சி அவனை எத்தனையோ நாள் தெருவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்புறம்தான் எக்கியார்குப்பத்து விஷச் சாராயச் சாவுகள் நடந்தன. மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலைக்கு அந்தப் பக்கம் போயிருந்த அவள் தம்பி கலையரசனும் அந்தச் சாராயத்தைக் குடித்தான். ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணு தெரியலக்கா, கண்ணு தெரியலக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் விடிவதற்குள் போய்விட்டான். வீட்டு வாசலில் கிடத்தியிருந்த தம்பியின் நெஞ்சின் மேல் புருஷனின் கையை இழுத்து வைத்து அழுத்தினாள் அஞ்சலாட்சி. இனிமேல் தொடமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான்.

அன்றோடு விட்டான். உடம்பு உதறியது, சோறு இறங்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து மீண்டான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு அவன் நாக்கில் பட்டதில்லை. படிக்கிறவர்கள் இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மரக்காணத்தில் ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. வண்டி பக்கத்தில் வந்து நின்றதும் யாராவது ஒருத்தர் போலீஸ்காரர் மாதிரி கையைக் குவித்து நீட்டி, ஊது என்பார். அவனும் சிரித்துக்கொண்டே ஊதுவான். வாசனை இல்லையென்றால், கெட்டிக்காரன், தெரியாமல் அடிக்கிறான் என்றார்கள். பல்வலிக்கு லவங்கம் மென்றால், பார்த்தியா, மறைக்கத்தான் லவங்கம் என்றார்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்குது என்று அவன் சொல்லிப் பார்த்தான். உனக்குத்தான்டா ஆட்டம் என்று சிரித்தார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டியது. பேச்சு மெதுவாக வீட்டுக்குள்ளும் வந்தது. சாயங்காலம் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அஞ்சலாட்சி எதிரே வந்து நின்று, ஊது என்றாள். அவள் சிரிக்கவில்லை.

சிவஞானத்திடம் அவன் கேட்காமல் இல்லை. இரண்டு ஜாயிண்ட் மாற்றினால் சரியாகிவிடும் முதலாளி என்று எத்தனையோ தடவை சொன்னான். அளத்துக்குள்ளே ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங் டைட்டாக எதற்கு, பாண்டிக்கா போகப்போகிறாய் என்று அவர் கேட்டார். நல்ல நகைச்சுவை என்று கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

சித்திரை வெயிலில் அது நடந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது முன் சக்கரம் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பிவிட, வண்டி வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து அளக்காரரின் பாத்தியில் இறங்கிவிட்டது. மறுநாள் வாரவேண்டிய உப்பு. வெள்ளை வெளேரென்று விளைந்து கிடந்தது முழுக்கச் சேறாகிவிட்டது. பக்கத்து அளக்காரர் கத்திக்கொண்டு வந்தார். வண்டி கெட்ட வண்டி என்று ஆனால் பழி சிவஞானத்தின் தலையில் விழும். ஓட்டியவன் குடிகாரன் என்றால் அவன் தலையோடு போய்விடும். சிவஞானம் அதிகம் யோசிக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க மூர்த்தியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

“குடிச்சிட்டு ஏறாதடான்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்? வண்டிமேல பழியப் போட்டு, அத நோண்டறேன் இத நோண்டறேன்னு கைய வெச்சே, வேலையில இருக்கமாட்டே.”

அறையின் சத்தம் அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் போனபோது அஞ்சலாட்சி பெட்டியைக் கட்டிவிட்டாள். அவன் ஸ்டியரிங் என்று ஆரம்பித்தான். அவள் மகள் பிரியங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமுக்கல் போகிற பஸ்ஸுக்கு நடந்தாள். தெருவே பார்த்தது. ஒருவர் கூட, இரும்மா, அவன் சொல்வதைக் கேள் என்று சொல்லவில்லை.

ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து மூர்த்தி ஒரு கணக்குப் போட்டான். வண்டி நெளிவதால்தானே இவ்வளவும்? நேராகப் போனால் எல்லோர் வாயும் மூடிவிடும், அஞ்சலாட்சியும் வந்துவிடுவாள். பாவம், ஊரைப் பற்றி அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

திண்டிவனம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முபாரக் பாயிடம் போய் டை ராடு எண்ட் இரண்டு கேட்டான். சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் இரண்டு முனையிலும் குண்டு மாதிரி உட்காருகிற ஜாயிண்ட் அது. முதலாளி சொல்லி வாங்குகிறாயா என்று பாய் கேட்டார். இல்லை என்றான். பாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். மாட்டுவதற்கு முன்னால் எது ஆடுகிறது என்று பார்த்துக்கொள், ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கிற ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கும், அதை ரொம்ப இறுக்கிவிடாதே, ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார்.

அமாவாசையன்று சிவஞானம் வழக்கம்போல மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார், அளத்தில் வேலையில்லை. எது ஆடுகிறது என்று பார்க்க ஆள் இரண்டு வேண்டும். ஒருத்தர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருத்தர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். கூப்பிட்டவர்களில் யாரும் வரவில்லை. உப்பு வாருகிற ஆராயி, புருஷன் இல்லாதவள், கூடப் பிறந்தவன் மாதிரி கெஞ்சறானே என்று வந்தாள். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆட்ட, அவன் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் பிடித்துப் பார்த்தான். கம்பி நகர்ந்தது, சக்கரத்தோடு சேர்ந்த இரும்புக் கை அப்படியே நின்றது. நடுவில் குண்டு மட்டும் கடகடவென்று உருண்டது.

“அக்கா, நீ ஆட்டற, இங்க ஒண்ணும் நகரல. பாத்துக்க” என்றான் கீழேயிருந்து. அழுகிறானா சிரிக்கிறானா என்று ஆராயிக்குத் தெரியவில்லை.

நட்டு துருவேறி இறுகியிருந்தது. டீசலை ஊற்றி ஊறவைத்தான். கம்பியில் பழைய ஜாயிண்ட் எதுவரை இருந்தது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டான். இல்லாவிட்டால் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டிப் பழசைக் கழற்றினான். விரலில் தோல் போயிற்று, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. புதுசை அதே கோடு வரை ஏற்றி, நட்டை இறுக்கி, அது கழலாமல் இருக்கப் பின்னை மாட்டினான். கடைசியில் பாக்ஸ் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திருப்பினான். ஓட்டிப் பார்த்தபோது விரலளவு திருப்பினால் சக்கரம் விரலளவு திரும்பியது. இறங்கி வந்து திரும்பிப் பார்த்தான். ஈரச் சேற்றில் தடம் இரண்டும் கயிறு பிடித்த மாதிரி நேராகக் கிடந்தன. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் அதற்கு முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை.

மறுநாள் அளமே தடத்தைப் பார்த்தது. ஒரு பக்கம் காய்ந்து வெளுத்த கோணல் தடம், பக்கத்திலேயே புதிய நேர்த்தடம். குனிந்து பார்த்தவர்களில் ஒருவர் கூட வண்டியைப் பார்க்கவில்லை. சிவஞானம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரே ஒரு அறைதான்யா வுட்டேன். பாரு, எப்படிக் கோடு போட்ட மாதிரி ஓட்டறான்.”

அன்றைக்குள் அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. மூர்த்தி திருந்திவிட்டான் என்றார்கள். திருந்தினான் என்றால் அதற்கு முன்னால் குடித்தான் என்று அர்த்தம். இதுவரை சந்தேகப்பட்டவர்கள் கூட இப்போது நிச்சயமாகச் சொன்னார்கள். ஸ்டியரிங்கைச் சரி செய்தேன் என்று வாய் திறந்தால் வேலை போய்விடும். ஆராயிதான் பொறுக்க மாட்டாமல் டீக்கடையில் நின்று, நான்தானே ஆட்டினேன், கழற்றினதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னாள். அமாவாசை அன்றைக்கு ஆளில்லாத அளத்தில் நீ மேலே, அவன் கீழே, அப்படித்தானே என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். பெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. ஆராயி டீயைக் குடிக்காமலே போனாள். அதற்கப்புறம் அவள் மூர்த்தி இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பெருமுக்கல் போனான். கழற்றிய ஜாயிண்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவள் காதுப்பக்கம் வைத்து ஆட்டிக் காட்டவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான். மாமியார் வீட்டு வாசலில் பிரியங்கா ஓடிவந்தாள். தூக்கினான். அவள் அவன் முகத்தோடு முகம் வைத்து, ஊதுப்பா என்றாள். ஊதினான். இப்ப நாத்தம் வரல என்றது குழந்தை. குழந்தைக்கு யாரோ சொல்லிக் கொடுத்த வார்த்தை அது.

அஞ்சலாட்சி தம்பியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். படத்துக்குப் புது மாலை. அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, வண்டி ஸ்டியரிங்ல என்று ஆரம்பித்தான்.

“ஸ்டியரிங்னு இன்னொரு வாட்டி சொன்னே, அப்டியே எழுந்து போயிரு” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “எனக்குச் சேதியெல்லாம் வந்திடுச்சி. செத்தவன் நெஞ்சுல கைய வெச்சு சத்தியம் பண்ணே. அதுக்கு நீ குடிய வுடல. மொதலாளி ஒரு அறை வுட்டான், வுட்டுட்ட. என் தம்பி சாவுக்கு அவ்ளோதான்யா மரியாதை?”

அவன் கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. இரும்பை இறுகப் பிடித்திருந்தான். உள்ளேயிருந்து மாமியார் வந்து, நடந்தது நடந்துபோச்சு மாப்ள, குடிச்சேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்குங்க, அவ மனசு ஆறும் என்று நல்லதாகத்தான் சொன்னாள். அஞ்சலாட்சியும் தலையை ஆட்டினாள்.

“குடிச்சதுகூட எனக்குப் பெருசில்ல. இத்தினி நாளும் இல்ல இல்லன்னியே, அதான். அவன் படத்து முன்னாடி ஒத்துக்க. நான் வர்றேன்.”

குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. மூர்த்தி படத்தைப் பார்த்தான். கலையரசன் கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். செய்த சத்தியத்தைக் காப்பாற்றிய மனுஷன் அதே பையன் முன்னால் பொய் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெண்டாட்டி பிள்ளை இல்லை. இப்படி ஒரு நியாயத்தை அந்தச் சாராயம் காய்ச்சியவன் கூட யோசித்திருக்க மாட்டான்.

“குடிச்சேன்” என்றான்.

அஞ்சலாட்சி உடைந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மாமியார் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

மத்தியான பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ரோடு மோசம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவன் பாக்கெட்டில் ஏதோ கடகடவென்று ஆடியது. குடித்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் போயே இருக்கமாட்டேன் இல்லையா என்றாள் அஞ்சலாட்சி. ஆமாம் என்றான். அப்புறம் அவள் குனிந்து, இன்னா அது சத்தம் என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றான். “வண்டி சாமான்.”