மவுஸுக்கு மட்டும் வேலை செய்த கார்டு

ஜமுனாமரத்தூர் மருத்துவ முகாமில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது என் வேலை. அன்று, பல கருவிகளை இணைப்பதற்காக லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த யூஎஸ்பி கார்டு மவுஸை மட்டும் ஏற்றது. சோதனைக் கருவி, பிரிண்டர், பென்டிரைவ் எதுவும் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு காத்திருந்த பெண்ணிடம், “அடுத்த மாசம் வாங்கம்மா” என்றேன் பதற்றத்தோடு.

“கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறான் சார். அதுவரைக்கும் எனக்குத் தூக்கமே வராது. பொறுமையா இன்னொரு தபா பாருங்க. பஸ்ஸு போனா நடந்து போய்க்கறேன்” என்றார்.

அவர் நிதானத்தைப் பார்த்து என் பதற்றம் அடங்கியது. கார்டைத் தொட்டுப் பார்த்தேன். மலைப்பாதையில் ஜீப் குலுங்கியதில் லேசாக வெளியே நகர்ந்திருந்தது; மவுஸுக்குப் போதுமான மின்சாரம் மட்டுமே வந்திருக்கிறது. கழற்றித் துடைத்து, இறுக அழுத்தினேன். கருவி உயிர் பெற்றது.

குழந்தைக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது.

“அப்போ வேணும்னேதான் திரும்பலியாடா?” என்று அந்தத் தாய் சிரித்துக்கொண்டே அழுதார்.

இப்போதெல்லாம் யாரையும் சட்டென்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.