புள்ளியக்காவின் நாள்கள்

பன்னிரண்டரை ஆக இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. புள்ளியக்கா சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பசி ஒன்றும் இல்லை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும், அவ்வளவுதான். முள் இடத்துக்கு வந்ததும் மூடியைத் திறந்து, யாருக்கோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுபோல முதல் கவளத்தை வாயில் போடுகிறார்.

"சாப்பாடு என்ன ரயிலாக்கா, விட்டா போயிடுமா?" என்கிறாள் எதிர் நாற்காலிக்காரி.

"போகாது காற்புள்ளி, ஆனா தலைவலி வந்துடும் முற்றுப்புள்ளி."

பெயர் வந்த கதை இதுதான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள் இருக்கிறதே, நாம் யாரும் படிக்காமல் குப்பையில் போடுவது, அதை அச்சடிக்கிற இடத்தில் புரூஃப் பார்ப்பது அவருடைய வேலை. எதிர் நாற்காலிக்காரி மூலத்தை ஒரு குறி விடாமல் உரக்கப் படிப்பாள். அக்கா பச்சைப் பேனாவும் கையுமாக அச்சுத்தாளில் வரிவரியாகத் தொடர்வார். இருபத்தாறு வருடம் இப்படிக் கேட்டுக்கேட்டுக் குறிகளெல்லாம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன. வீட்டிலும் அதே பேச்சுதான். "கதவச் சாத்துங்க ஆச்சரியக்குறி" என்று கத்துவார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "எங்க வீட்ல சண்டைகூட அப்படியே அச்சுக்கு அனுப்பற மாதிரிதான் வரும்" என்று வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

ஆள் ஒல்லி. ஐம்பத்திரண்டு வயதுக்கு முதுகு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது என்று அதன்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டிவைத்திருக்கிறார். மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் உடம்பெல்லாம் பேனாவால் கோடு. பத்து மணிக் கோடு, பதினொரு மணிக் கோடு என்று கணக்காக இறங்கிக்கொண்டே போகும். மணிக்கு ஒருமுறை கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகத் திருப்புவார். ஒருமுறை மேனேஜர் வந்து, "சனிக்கிழமை வர முடியுமாக்கா?" என்று கேட்ட நேரம் பார்த்து அந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முடியாது என்று தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசாமல் போய்விட்டார். அக்காவும் திருத்தவில்லை. திருத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர் விட்டுவைத்த ஒரே பிழை அதுவாகத்தான் இருக்கும்.

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைதான். குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அரை மணி நேரம் நடை. எட்டு மணிக்கு ஒரு காபி, அதற்குமேல் யார் தலைகீழாக நின்றாலும் இன்னொன்று கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை, ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவார். இதனாலேயே நாத்தனார் பேசுவதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. அவள் பெண்ணின் கல்யாண வரவேற்பில், சாப்பாடு போடுவதற்கு முன்பே அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். "மகாராணிக்குத் தூக்கம் வந்துடுச்சாம்" என்று நாத்தனார் இன்றுவரை மற்றவர்களிடம் சொல்லிக்காட்டுகிறாள். ஒரு தலைவலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பது அவள் கட்சி.

தலைவலி என்றால் சாதாரணத் தலைவலி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு மாதத்தில் பதினெட்டு நாள் ஒரு பக்க மண்டைக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் கைப்பையில் வலி மாத்திரை அட்டை அட்டையாக இருக்கும். வேர்க்கடலை கொறிக்கிற மாதிரி போட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார். நரைத்த குட்டை முடியும் அவசரமில்லாத குரலுமாக ஓர் அம்மாள்.

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?"

"தினம்தான் டாக்டர்."

"பத்து நாளுக்கு மேல இந்த மாத்திரையப் போட்டா, மாத்திரையே தலைவலியக் கொண்டுவரும். டப்பாவுக்குள்ள தாள்ல போட்டிருப்பாங்களே, படிச்சதில்லையா?"

அந்தத் தாளுக்கு மூன்று முறை புரூஃப் பார்த்தவரே அக்காதான்.

"படிச்சேன் டாக்டர். அதுல 'நாட்கள்'னு இருந்துச்சு, 'நாள்கள்'னு திருத்தினேன். எத்தனை நாள்னு பாக்கல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தைப் பார்ப்பவருக்குப் பொருள் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தாவிவிடும். தொழிலின் முதல் பாடமே அதுதான், அதை அவர் நன்றாகத்தான் படித்திருந்தார்.

வலி மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம். பிறகு டாக்டர் இரவுக்கு ஒரு தடுப்பு மாத்திரை எழுதினார். வலி வந்தால் போடுவதற்கு வேறொன்று, அதுவும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. "மாத்திரையும் வேணும். நேரத்துக்குத் தூக்கம், சாப்பாடு, தண்ணி, நடை, அதுவும் வேணும். ஒண்ணு இருக்குதேன்னு இன்னொண்ண விட்டுடாதீங்கம்மா" என்றார். அக்கா விட்டுப் பார்க்காமல் இல்லை. மூச்சுப் பயிற்சி இருக்க மாத்திரை எதற்கு, எல்லாம் விஷம் என்று பக்கத்து வீட்டுக்காரி ஓதியதைக் கேட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மாதம் நிறுத்தினார். நான்கு நாள் ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தார். மூச்சுப் பயிற்சி இன்னமும் செய்கிறார். மாத்திரையும் ஒன்பது மணிக்குத் தவறாமல் உள்ளே போகிறது. பதினெட்டு நாள் இப்போது நான்கு நாளாகியிருக்கிறது. அதற்கென்று ஒரு நோட்டு, அதில் எந்த நாள், எத்தனை மணி, முந்தின இரவு எப்படித் தூங்கினார் என்று எல்லாம் இருக்கும்.

வலிக்குப் பயந்துதான் இத்தனை கட்டுப்பாடு என்று ஊர் நினைக்கிறது. வலியை அவர் மதிப்பதே இல்லை. அவர் பயப்படுவது சில நாள்களில் வலிக்குச் சற்று முன்னால் வருகிற இன்னொன்றுக்கு. பார்வையின் ஓரத்தில் ஒரு பொட்டு மினுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரம்பம்போலப் பல்பல்லாக விரிந்து நடுவுக்கு வரும். அதற்குள் அகப்பட்டது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் அது போய்விடும், பிறகுதான் ஆணி. "கறுப்பா மறைச்சாலும் பரவால்ல டாக்டர், மறைக்குதுன்னு தெரிஞ்சுடும். இது வெள்ளைத் தாளையே போட்டு மூடுது" என்றார் அக்கா. இதை அவர் சொன்னது டாக்டர் ஒருவரிடம் மட்டும்தான்.

அவரிடம் சொன்ன இன்னொன்றும் உண்டு. குழந்தைகளுக்கான ஓர் இருமல் சிரப்பின் தாள். எதிர் நாற்காலிக்காரி "இரண்டு புள்ளி ஐந்து மில்லி" என்று படித்தாள். அக்காவின் கண்ணுக்கு இரண்டும் ஐந்தும் தெரிந்தன, நடுவில் புள்ளி தெரியவில்லை. பக்கம் முழுக்க அந்த மினுக்கல் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ எழுத்து காணாமல் போய்ப் போய் வருகிற நேரத்தில் ஒரு புள்ளி எம்மாத்திரம்? தாளில் இருக்கும், நம் கண்ணில்தான் இல்லை என்று முடிவுகட்டிக் கையெழுத்துப் போட்டார். தாளில்தான் இல்லை. அவர் கண் அன்றைக்குச் சரியாகவே பார்த்திருந்தது.

இருபத்தைந்து மில்லி என்று அச்சாகி, மடித்து, பெட்டிக்குள் போய், பெட்டியும் வெளியே போய்விட்டது. ஒரு மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்துப் போன் செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பெரிய அட்டைப்பெட்டி போயிருந்தது, இருநூற்றுப் பதினொன்று திரும்பி வந்தது. மிச்சம் ஒரு பெட்டி, நாற்பது பாட்டில், எங்கே இறங்கியது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை அடித்தவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு. "உங்க கண்ணுக்கே தப்பியிருக்கே, பாவம், மனுஷங்கதானே" என்று மேனேஜர் அக்காவை மன்னித்துவிட்டார். மன்னிப்பை வாங்கிக்கொண்டு அக்கா வாயைத் திறக்கவில்லை. கணவரிடம்கூட இன்றுவரை திறக்கவில்லை.

"இத்தனை நாளா ஒரு செய்தியும் வரலயே, நல்லதுன்னு நினைச்சுக்கலாமே" என்று டாக்டர் தேற்றினார்.

"செய்தி வரலன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல டாக்டர். செய்தி வரலன்னுதான் அர்த்தம்."

ஆபீசில் கண் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். சொன்னால் நாற்காலி போய்விடும். கணவருக்கு முழங்கால் போய் ஒன்றரை வருடமாகிறது, வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போனால் அதிகம். கண் தெரியாத புரூஃப் ரீடரை வைத்துக்கொண்டு எந்த அச்சகமும் மாரடிக்காது. அதனால்தான் இந்த மணிக்கணக்கு, இந்தக் கோடு போட்ட பாட்டில், இந்த ஒன்பதரைத் தூக்கம் எல்லாம். மீறி அந்தப் பொட்டு மினுக்கினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடி, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருவார். அக்காவுக்குத் தலையும் கோளாறு, குடலும் கோளாறு என்று அச்சகம் முழுக்கப் பேச்சு. பரிதாபப்பட்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதையும் வாங்கித் தின்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாத்திரை, தூக்கம், நடை, காபி, பதினொரு மணிக் கோடு வரை தண்ணீர். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்தான். ஆனாலும் இப்படி நோன்பு மாதிரி இருக்கிற மனுஷிக்கும் வந்தால் அந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மேனேஜர் ஒரு தாளோடு வந்து மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டார். குழந்தைகள் காய்ச்சல் மருந்து. கடைசி நிமிடத்தில் ஒரு பத்தி மாறியிருக்கிறது. மெஷினை நிறுத்திவைத்திருக்கிறார்கள், வாசலில் லாரி நிற்கிறது. எதிர் நாற்காலிக்காரி படிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் இடது ஓரத்தில் பொட்டு மினுக்கியது.

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"வயித்த அப்புறம் பாத்துக்கலாங்கா, ஒரே பக்கம்தானே. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான்" என்றார் மேனேஜர். குரலில் கோபம்கூட இல்லை.

அக்கா உட்கார்ந்தார். எதிர் நாற்காலிக்காரி ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தாள். "ஆறு முதல் பத்து வயது வரை காற்புள்ளி ஒரு வேளைக்கு ஏழு புள்ளி ஐந்து மில்லி முற்றுப்புள்ளி."

தாளில் ஏழு இருந்தது. ஐந்து இருந்தது. நடுவில் சுத்தமான வெள்ளை. அக்கா தாளைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டினார், மை விரலுக்குத் தட்டுப்படும் என்பதுபோல. எதிர் நாற்காலிக்காரி அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். வழக்கமாக இதற்குள் பச்சைப் பேனா டிக் போட்டிருக்கும்.

"சரியா இருக்குல்லக்கா?" மேனேஜர் குனிந்து, கையெழுத்துப் போடும் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

அக்கா பேனாவை மூடி வைத்தார். தாளை அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, எதிர் நாற்காலிக்காரியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, அந்த வரியில் கொண்டுபோய் அழுத்தினார். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ பாத்துச் சொல்லு, இங்க புள்ளி இருக்கா?"