முதல் பாதி தமிழில்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் கோலிக்கும் லூசியம்மாள் கோலிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அடுப்பு, படுக்கை, குடித்தனம் எல்லாம் அடங்கிய ஒற்றை அறைக்குத்தான் பம்பாயில் கோலி என்று பெயர். அந்தத் தகரம் கண்ணை மறைத்தது. காதை மறைக்க அதனால் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்கு வாசனையில் தெரிவதற்கு முன்பே பேச்சில் தெரிந்துவிடும். புளி கரைத்தால் புளியைத் திட்டுவாள், விறகு புகைந்தால் விறகுக் கடைக்காரனைத் திட்டுவாள், திட்ட யாரும் அகப்படாவிட்டால் தன்னையே திட்டிக்கொள்வாள் லூசியம்மாள்.

அவள் தையல் கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த சட்டைகள் மூட்டையாக வீட்டுக்கு வரும். பொத்தான் துளைகளை நூலால் சுற்றித் தைத்து, பொத்தானும் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு ஒன்றும் இல்லை. வாயைச் சும்மா வைத்திருக்கிற ரகமும் அவள் இல்லை. பெரிய கழுத்துச் சட்டை ஒன்று வந்துவிட்டால் போதும், அந்த முகம் தெரியாத மனிதர் என்ன சாப்பிடுகிறார், எப்படி ரயிலில் ஏறுகிறார் என்று சாயங்காலம் வரை ஓட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மகள் அன்னமேரி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் இந்தப் பக்கம் அரிசி புடைத்தபடி சிரிப்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பம்பாய் பெரிய ஊராகத் தெரிந்திருக்கும்.

அறுபத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம் அன்னமேரியை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதுவரை அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எட்டு வயது, கெட்டிக்காரி. லூசியம்மாளின் புருஷன் சிங்கராயர் அண்ணாச்சி ரயில்வே பட்டறையில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்பவர். இங்கிலீஷ் தெரிந்தவன் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறான், தெரியாதவன் உலைக்கு முன்னால் நிற்கிறான் என்பதுதான் அவர் இந்த ஊரில் கண்டுபிடித்த உண்மை. லூசியம்மாளின் ஆசை இன்னும் தெளிவானது. மகள் நர்ஸாக வேண்டும், வெள்ளைத் தொப்பி வைக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷ் வேண்டும்.

ஆகஸ்டில் அன்னமேரியின் வகுப்பு பெரேரா டீச்சர், அப்பா அம்மா இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறதாம், பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். தீபாவளி லீவுக்கு முன்னால் பேச வைக்க முடியாவிட்டால் திரும்பவும் தமிழ்ப் பள்ளிக்கே அனுப்பிவிடுவதுதான் குழந்தைக்கு நல்லது என்று இந்தியில் சொன்னாள். கடைசியாக ஒரு யோசனையும் சொன்னாள்.

"கர் மே இங்கிலீஷ் போலோ."

வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்று அர்த்தம். பெரேரா டீச்சர் நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் வீட்டில் எல்லோருக்கும் இங்கிலீஷ் வரும், அதனால் சொல்லிவிட்டாள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாரே அண்ணாச்சி, அவரை என்ன செய்வது?

அன்றைக்கே சட்டம் போட்டார். வாசற்படிக்கு உள்ளே தமிழ் கூடாது. இங்கிலீஷ் தெரிந்தால் பேசு, தெரியாவிட்டால் வாயை மூடு.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் பட்டறை இங்கிலீஷ். கம், கோ, ரெடி, ஸ்டாப், ஓகே, டேஞ்சர். லூசியம்மாளுக்கு அதுவும் கிடையாது. சோறு போடும்போது போதுமென்றால் "ஸ்டாப்" என்பார். ரசம் சுட்டால் "டேஞ்சர்" என்பார். இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் "ஓவர்டைம்" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பு இரண்டு நாளைக்குத்தான் வந்தது. அப்புறம் பக்கத்துக் கோலியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எங்கள் கோலி வரிசையில் பேசிக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றும் சொன்னார்கள்.

லூசியம்மாள் தமிழ் பேசுவதற்கென்றே என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சட்டை மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"பேராச்சி மைனி, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன். வாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

"அண்ணாச்சிக்குப் புத்தி எங்க போச்சு, லூசியா?" என்றேன்.

"பிள்ளைக்கு நல்லதுக்குத்தான சொல்லுதாவ. நாந்தான் படிக்காத கழுதை. எனக்குப் பேசத் தெரிஞ்சா இந்தக் கட்பட்டு, கொளறுபடி ஒண்ணும் இல்லல்லா?"

அவர்கள் வேதக்காரர்கள். சாயங்காலம் விளக்கேற்றியதும் குடும்பமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். ஒருவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பாதி எப்போதும் லூசியம்மாளுடையது. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். சட்டம் வந்தபிறகு அதையும் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு மாலையை உருட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

வகுப்பில் வாய் திறக்காத அன்னமேரி இப்போது வீட்டிலும் திறப்பதில்லை. அப்பா சாயங்காலம் வந்ததும் "ஓகே?" என்று கேட்பார். அவளும் "ஓகே" என்பாள். அவருக்கு அதில் பெருமை. மகள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டாளாம்.

ஒரு காலையில் தகரம் அதிர லூசியம்மாள் கத்தினாள், நான் அங்கே ஓடினேன். பாயைச் சுருட்டப் போன லூசியம்மாள் மகளின் தலையணையில் சீழைப் பார்த்துவிட்டாள். காதுக்குள் புண் வந்து பழுத்து உடைந்திருக்கிறது. எத்தனை நாளாய் வலித்ததோ, பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை.

"ஏட்டி, காது வலிக்குன்னு ஏன் சொல்லல?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. 

"தமிழ்லயே சொல்லுட்டி!"

"இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல எம்மா" என்று சொல்லிவிட்டு அழுதது.

அதற்குப் பிறகு லூசியம்மாள் பேசியதை லேபர் கேம்ப் முழுக்கக் கேட்டிருக்கும். "ஓகேயாம் ஓகே! பிள்ளை காது அழுகுது, இவியளுக்கு ஓகே! வலிக்குன்னு சொல்ல ஒரு பாஷை வேணுமா வேண்டாமா? இருந்த பாஷையையும் புடுங்கிட்டு, வாராத பாஷையில அழுன்னா பிள்ளை எப்படி அழும்? நர்ஸுமாச்சு தொப்பியுமாச்சு! எனக்கு என் பிள்ள வாயத் தாங்க!"

சிங்கராயர் அண்ணாச்சி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. அன்று சாயங்காலம் ஜெபமாலை தகரத்தைத் தாண்டி வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

காது ஆறிவிட்டது, பள்ளிக்கூடப் பிரச்சினை ஆறவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் லூசியம்மாள் ஊசியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, ஒண்ணு கவனிச்சீங்களா? ஜெபத்துல ரெண்டாம் பாதிய யாரு சத்தமா சொல்லுதா?"

"அன்னமேரிதான். என் காதே அடைக்கே."

"அதான். தனியா ஆரம்பிக்கச் சொன்னா பயப்படுதா. யாராவது முதல் பாதியச் சொல்லிட்டா, மீதிய இவ தன்னால முடிச்சிடுதா."

மறுநாளிலிருந்து ஒரு புது ஜெபம் தொடங்கியது. பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளை அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். அன்று நடந்ததை முதலில் தமிழில் முழுக்கச் சொல்ல வேண்டும். யார் யாரை அடித்தது, யார் டப்பாவில் என்ன இருந்தது, எதையும் விடக்கூடாது. அம்மா குறுக்குக் கேள்வி கேட்பாள். "தமிழ்லயே தெளிவில்லாத கதைய இங்கிலீஷ்ல எங்கிட்டுக் கூடிச் சொல்லுவ?" என்பாள். அதன்பிறகு காஜா தைத்துக்கொண்டே லூசியம்மாள் முதல் பாதியை எடுத்துக் கொடுப்பாள். அதே ராகம்தான்.

"இன்னைக்கு மத்தியானம் என்னட்டி தின்ன?"

"டுடே ஐ ஈட் புளிச்சோறு."

"உம். அப்புறம் யாரு என்ன குடுத்தா?"

"ஜூலியட் கிவ் மீ கேக்."

"அது எப்படி இருந்துச்சு?"

"வெரி... பொசுபொசு."

லூசியம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அதனால் திருத்தவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. பிள்ளைக்கு அதுவே தைரியமாகிவிட்டது என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தை அகப்படாத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். "அந்தப் பொசுபொசுக்கு என்னன்னு நாளைக்கு டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று மட்டும் சொல்வாள். பிள்ளையும் எப்படியோ கேட்டுக்கொண்டு வந்துவிடும். முதலில் டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்துத்தான் கேட்டதாம். அண்ணாச்சிக்கும் ஒரு வேலை கொடுத்தாள். டூட்டி முடிந்து வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. பாவம், தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

லீவுக்கு முந்திய வாரம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. இரண்டு பேரும் வர வேண்டும். அன்று காலை பிள்ளையோடு மூன்று பேரும் கிளம்பியதை நானும் பார்த்தேன். அண்ணாச்சி கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாலிஷ் வாங்க நேரமில்லாமல் பட்டறை பூட்ஸைத் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியிருந்தார். லூசியம்மாளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்ததைச் சாயங்காலம் அவளே சொன்னாள்.

பெரேரா டீச்சர் அன்னமேரியை நடுவில் நிறுத்தி ஏதோ கேட்டாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. மறுபடி கேட்டாள். கால் கட்டைவிரல் தரையைத் தேய்த்ததே தவிர சத்தம் வரவில்லை. டீச்சர் பெருமூச்சு விட்டாள். என்ன செய்யவேண்டும் என்று லூசியம்மாளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில்கூடத் தமிழ் வேண்டாம் என்று சொன்ன டீச்சருக்கு முன்னாலேயே எப்படிச் செய்வது? வாயெடுக்கப் போனபோது அண்ணாச்சி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் கையை உதறிவிட்டாள். ஜெபத்துக்கு முதல் பாதி எடுப்பதுபோலவே, அந்த ராகத்திலேயே, பள்ளிக்கூடம் எதிரொலிக்கக் கேட்டாள்.

"ஏட்டி அன்னமேரி, இன்னைக்கு வார வழியில என்ன நடந்துச்சு?"

டீச்சர் திகைத்துப் போய்ப் பார்த்தாள். அன்னமேரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. பிறகு வந்தது இரண்டாம் பாதி. முதலில் மெல்ல வந்தது, அப்புறம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. இடையில் கையை ஆட்டியது, குரைத்துக் காட்டியது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது. லூசியம்மாளுக்கும் அண்ணாச்சிக்கும் ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷ்தானா, இல்லை பிள்ளை வாய்க்கு வந்ததை உளறுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தபடி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. சிங்கராயர் அண்ணாச்சியின் பூட்ஸில் வந்து நின்றது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

காலையில் அந்தத் தேங்காயெண்ணெய் வாசனைக்கு ஒரு தெருநாய் லேபர் கேம்ப்பிலிருந்து பள்ளி வாசல்வரை அவர் காலை நக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணாச்சி கல்யாணக் கோட்டோடு துள்ளித் துள்ளி நடந்திருக்கிறார். ஒன்றுவிடாமல் பிள்ளை சொல்லிவிட்டது. அண்ணாச்சி பூட்ஸ் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தை இங்கேயே படிக்கட்டும் என்றாள். வீட்டில் என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்றும் சொன்னாள்.

இதைச் சொல்லி முடித்தபோது லூசியம்மாள் என் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ஒரு எழவும் வெளங்கல மைனி. டீச்சர் இவிய பூட்ஸப் பாத்தா பாருங்க, அப்பதான் என் பிள்ள பேசினது பேச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. இனிமே அவ என்னென்னமோ பேசுவா. நாலுல ஒண்ணுகூட எனக்குப் புரியாது. புரியாட்டா என்ன? பேசட்டும். எனக்கு வேண்டியத அவ தமிழ்ல சொல்லிருவா."