ஆறு தட்டு

காலை ஆறு மணிக்கு மதுரை ஸ்டேஷனில் இறங்கினேன். 1928, மாசி மாதம். சுமத்திராவில் டச்சுக்காரரின் புகையிலைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய எனக்கு, இந்தச் சீமையில் தெரிந்தவன் ஒருவன்தான். அங்கே என்னோடு வண்டி ஓட்டியவன். ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். அவனை அண்டி இங்கேயே தங்கிவிடலாம் என்பது எண்ணம்.

பத்து மைல். மோட்டார் பஸ்ஸுக்கு மூன்றணா. வைகையில் மணல்தான் கிடந்தது. என் வாய் பழக்கத்தில் 'தபாக்ஸ்ஒன்டர்நேமிங்' என்று முணுமுணுத்தது.

"என்ன தம்பி, மந்திரமா?" என்றார் பக்கத்திலிருந்த வெற்றிலை வியாபாரி.

"டச்சுல புகையிலைத் தோட்டத்துக்குப் பேருண்ணே."

"இம்புட்டு நீளமா? சொல்லி முடிக்கிறதுக்குள்ள பயிரு வாடிருமே."

புகையிலை, தோட்டம் என்ற இரண்டையும் ஒட்டிய சொல் அது. த-பாக்ஸ்-ஒன்-டர்-நே-மிங் என்று ஆறாகப் பிரிக்க வேண்டும். நம் நாக்கு 'பாக்-ஸொன்' என்று கலந்துவிடும். ஒட்டின இடத்தில் வெட்டினால்தான் துரை சிரிக்காமல் கேட்பான். அழுத்தம் இரண்டாவதில்; ஐந்தாவதில் கொஞ்சம். வண்டிச் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டி, நான் தேடிப் போகிறவன்தான் எனக்குப் பழக்கினான்.

ஒன்பதரைக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவன் மாமனார் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சுமத்திராவிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"சுமத்திராவா? எங்க மாப்பிள்ளை பினாங்குல ஜவுளிக்கடையில்ல வச்சிருந்தாரு. தோட்டக் கூலிக்கு நாங்க பொண்ணு குடுப்பமா?"

அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான்.

"யாருன்னு தெரியலயே மாமா. வெயில்ல வந்திருக்காரு, தண்ணி குடுப்போம்."

நான் வாயைத் திறந்தால் அவன் குடும்பம் போய்விடும். திறக்காவிட்டால் எனக்கு இங்கே யாருமில்லை.

சொம்பை நீட்டினான். முகம் மாமனார் பக்கம் இருந்தது. விரல் சொம்பில் தட்டியது. ஆறு தட்டு. இரண்டாவது பலமாக, ஐந்தாவது சற்றுக் குறைவாக.

குடித்து முடித்தேன். "ஆளு மாறிப் போச்சுங்கய்யா. வாரேன்."

அவன் பெயரையும் தெருவையும் இங்கே எழுதவில்லை.

பதினோரு மணி பஸ்ஸில் திரும்பினேன். சுமத்திராவில் இருவரும் ஒரே பாயில் படுத்திருக்கிறோம்; அங்கே எனக்கு ஊர் நினைப்பு அதிகம் வந்ததில்லை. இங்கே பஸ் நிறையத் தமிழ் பேசினார்கள். அந்தச் சொல் நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. மதுரை வரும்வரை பஸ் கம்பியில் தட்டிக்கொண்டு வந்தேன்.