பொம்மைப் படத்தில் என் ஓர்ப்படியின் ஒப்பாரி

கோர்வையாக எழுத எனக்கு வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதுவேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தால் அந்த மைக்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறது. நீளமான கம்பு, அதன் முனையில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று மயிர் போர்த்திய ஒன்று. கம்பில் ஒரு கீரிப்பிள்ளையைக் கட்டி எடுத்து வந்தது போலத்தான் இருந்தது. உத்திரமேரூர் ஏரிக்கரையில் பனைமரங்களுக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் ஓர்ப்படி அதையே பார்த்துவிட்டு, மெட்ராஸிலிருந்து வந்த பெண்ணிடம், "இன்னாம்மா இது, கடிக்குமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, காற்று இரைச்சல் உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த மயிர் என்றாள்.

ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனார் பெண்சாதி. எனக்கு இளையவள், என்னை யக்கா என்பாள். இருவருக்கும் புருஷன் இல்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் இருந்தோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் சேர்ந்தே போவோம். அதைவிட அதிகமாகச் சாவு வீடுகளுக்குச் சேர்ந்து போயிருக்கிறோம். அவள் ஒப்பாரி வைப்பதில் பேர் போனவள். எங்கள் காலனியில் மட்டுமில்லை, புள்ளலூர் வரைக்கும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும், நான் அவள் தோளில் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து, பின்னால் வாங்கிப் பாட வேண்டும். எனக்கு முன்னால் பாட வெட்கம். அவளுக்கோ பக்கத்தில் ஆள் கட்டிக்கொண்டு உட்காராவிட்டால் வாய் வராது. அப்படியே எங்கள் பிழைப்பும் பழக்கமும் ஒன்றாகப் போய்விட்டது.

மெட்ராஸ் பெண் எங்கள் பக்கத்து ஊர்ச் சாவு ஒன்றில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறாள். சினிமாவுக்குப் பாட்டுப் பதிவு செய்கிற வேலையாம். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பொம்மைப் படம் ஒன்று எடுக்கிறார்கள், முழுக்கப் பாட்டாகவே போகும் என்றாள். மாதுளம்பழத்துக்குள் பிறந்த பெண்ணின் கதை. ராஜகுமாரன் பழத்தைப் பிளந்ததும் வெளியே வருவாள், பொறாமை பிடித்த ஒருத்தி அவளைக் கிணற்றில் தள்ளிவிடுவாள், அவள் மீனாக மாறுவாள். பெண்ணைப் பெற்ற மாதுளை மரம் அப்போது அழ வேண்டும். அந்த அழுகைக்குத்தான் என் ஓர்ப்படியின் குரல் வேண்டும் என்றாள்.

என் ஓர்ப்படி முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவை வாவென்று கூப்பிட்ட மாதிரி. எங்கள் பக்கத்தில் விளையாட்டுக்குக் கூட யாரும் செய்ய மாட்டார்கள். அந்தப் பெண் விடவில்லை. இரண்டு மூன்று தரம் வந்தாள், எங்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தாள். கடைசியில் வீட்டில் வேண்டாம், ஏரிக்கரையில் பாடுகிறேன் என்று இவள் இறங்கி வந்தாள். ஆனாலும் கரையில் போய் உட்கார்ந்த பிறகு குரல் எழும்பவில்லை. ஒப்பாரிக்கு ஆள் வேண்டும். செத்தது அம்மாவா, தம்பியா, தாலி கட்டினவனா, கைக்குழந்தை உண்டா, எந்த வயலில் பாடுபட்டது, எதை ஆசையாகத் தின்னும், இதெல்லாம் தெரிந்தால்தான் பாட்டு வரும். "அந்தப் பொண்ணுக்கு எத்தினி வயசு? பாக்க எப்பிடி இருப்பா?" என்று கேட்டாள். பொம்மையை இன்னும் வரையவே இல்லையாம். பாட்டை வைத்துத்தான் பிறகு வரைவார்களாம். உங்களுக்கு யார் தோணுதோ அவங்கள நெனச்சிக்குங்கம்மா என்று மெட்ராஸ் பெண் சொன்னாள். பாவம், அவள் நல்லதாகத்தான் சொன்னாள்.

என் ஓர்ப்படி கண்ணை மூடினாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பம்புசெட்டுத் தொட்டியிலே பாய்ஞ்சு வந்த எம்மகளே
பட்ட வடு புருவத்துல பதிஞ்சிருந்த கண்மணியே
வாசப்படி தாண்டையிலே வாரி அணைக்கலியே
வழியனுப்ப நானும் வந்து வாய்தொறந்து பேசலியே"

பின்னால் வாங்க வேண்டிய நான் முதல் அடியிலேயே வாயடைத்துப் போனேன். பம்புசெட்டுத் தொட்டியில் குதித்து இடது புருவத்தைப் பிளந்துகொண்டது அவளுடைய சொந்த மகள். செத்துப்போனவள் இல்லை, உயிரோடு இருக்கிறவள். நிறுத்து என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் தோள் என் கையில் அப்படிக் குலுங்கியது. பழக்கதோஷம், நானும் பின்னால் வாங்கிப் பாடிவிட்டேன். முடிந்ததும் இருவரும் சாவு வீட்டிலிருந்து திரும்பினால் எப்படியோ அப்படி ஏரியில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. இவள் மகள் ஊர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவன் வீட்டில் அவனைச் சேர்க்கவில்லை. அந்தப் போகம் முழுக்க ஊர்க்காரர்கள் எங்கள் ஆட்கள் யாரையும் நடவுக்குக் கூப்பிடவும் இல்லை. எங்கள் பெண்களே குழாயடியில் என் ஓர்ப்படியை ஜாடை பேசினார்கள், உன் மகள் சந்தோஷமா கீறா, எங்க புள்ளைங்க பட்டினி கெடக்குது என்று. சொல்லிக்கொண்டு போக மகள் வந்து வாசலில் நின்றபோது இவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு மகளே இல்லை என்று சொல்லித் தலைமுழுகினாள். மகளும் மருமகனும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓரிக்கையில் வாடகைக்கு இருந்தார்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வருஷக்கணக்காக அம்மாவும் மகளும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

பாட்டுப் பாடியதையே நாங்கள் மறந்துவிட்டோம். எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற எதிர்வீட்டுப் பெண் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். படத்தின் ட்ரெய்லர் வந்துவிட்டது, அதில் ஓர்ப்படியின் குரல் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் காலனிக்குப் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகள் போன் சூடேறும் வரைக்கும் அதையே பார்த்தார்கள். மீனாகப் போன பெண் திரும்ப மனுஷியாவாளா, ராஜகுமாரன் மீனை அடையாளம் கண்டுபிடிப்பானா என்று தெருவில் சண்டை. எதிர்வீட்டுப் பெண் தன்னுடன் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அனுப்பி, எங்க எதிர்வூட்டு அம்மாதான் பாடினாங்க என்று பெருமை அடித்துக்கொண்டாள். முதல் நாளே காஞ்சிபுரம் தியேட்டருக்குப் போக வேன் பேசி வைத்தார்கள். பொங்கலுக்கு வரும் என்றார்கள், வரவில்லை. பெரிய லீவுக்கு என்றார்கள், அப்போதும் இல்லை. தள்ளித் தள்ளிப் போகப் போக ஆசைதான் ஏறியது. படத்தின் பேர் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு வாயில் நுழையவில்லை.

தொல்லையும் சேர்ந்தே வந்தது. பிள்ளைகளுக்கு அந்த ஒப்பாரி மனப்பாடமாகிவிட்டது. பல் விளக்கும்போது பாடுவது, ஊஞ்சலில் பாடுவது, விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து கூட்டமாகப் பாடுவது. வீட்டுக்கு வீடு பெண்கள் துடைப்பத்தைத் தூக்கினார்கள். "வெளக்கு வெச்ச நேரத்துல எவன் செத்தான்னுடி ஒப்பாரி வெக்கிற?" என்று ஒருத்தி கத்த, "நான் செத்துட்டன்மா, மீனாயிட்டேன்" என்று அவள் மகள் பதில் சொல்கிறாள். எல்லோரும் வந்து என் ஓர்ப்படியைத்தான் கேலி பேசினார்கள், காலனியையே சாவு வூடாக்கிட்டியே என்று.

அவள் சிரிக்கவில்லை. ட்ரெய்லரில் அந்தப் பொம்மையின் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். புருவத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. இவள் பாடியதை வைத்து அப்படியே வரைந்திருக்கிறார்கள். தழும்போடு அந்தப் பெண் கிணற்றில் விழுகிறாள், இவள் குரல் அழுகிறது. பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு ரொம்பப் பிடித்துப்போய், எல்லாப் பெண்களும் கண்மையால் புருவத்தில் கோடு இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். காலனிப் பெண்கள் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பெண்களுக்கும் அதே கோடு. வாசலில் உட்கார்ந்தால் தெருவெல்லாம் மகளின் முகம். "யக்கா, உசுரோட கீறவளுக்கு ஒப்பாரி வெச்சிட்டேன். ஊரே பாடுது. அவளுக்கு எதாவது ஆயிடும்" என்று என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். சோறு இறங்கவில்லை. எனக்கும் அலுப்பு தட்டிவிட்டது. எத்தனை நாள்தான் ஆறுதல் சொல்வது.

அந்த நாலு அடியையும் எடுத்துவிடச் சொல்லு என்று அவள் பிடித்த பிடியில், எதிர்வீட்டுப் பெண் மெட்ராஸ் பெண்ணுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு அந்தப் பெண் கலங்கிப் போனாள். வேறு ஆட்கள் முடிவு செய்கிற காரியம், ஆனாலும் கட்டாயம் சொல்லிப் பார்க்கிறேன், முடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்றாள். அன்றைக்குத்தான் என் ஓர்ப்படி கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் ஒரு பெண் வந்து நின்றாள். மாசமாக இருந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "ஆன்ட்டி, உங்குளுது சூப்பரா கீது. எதால வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எங்கம்மா திட்டத் திட்டக் குதிச்சு வரைஞ்சுகினேன்" என்றாள். குரலைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் என் ஓர்ப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வா என்று சொல்லவும் வரவில்லை. மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே உனுக்கு?" என்று மட்டும் கேட்டாள். மகள் உட்கார்ந்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வீட்டுக்காரர் போனில் ட்ரெய்லரைக் காட்டியபோது முதலில் குரலைக் கேட்டு மெய்சிலிர்த்ததையும், பிறகு முகத்தைப் பார்த்துக் கோபம் வந்ததையும் சொன்னாள். நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா என்று சண்டை போடத்தான் கிளம்பி வந்தாளாம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். வாசப்படி என்று ஆரம்பிக்கிற மூன்றாவது அடியும் நாலாவது அடியும் அப்போதுதான் அவளுக்குச் சரியாகக் காதில் விழுந்ததாம்.

என் ஓர்ப்படி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் பாவத்துக்கு நான் என்ன பரிகாரம் செய்வேன் என்று அழ ஆரம்பித்தாள். மகள் அவள் கையை இழுத்தாள். செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு நீதான சொல்லுவ என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பெரிம்மா, அந்தப் பாட்டு அப்பிடியே இருக்கட்டும். எனுக்காக எங்கம்மா அழுதான்றதுக்கு வேற இன்னா சாட்சி கீது?" என்றாள்.

என் ஓர்ப்படி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்துவிடச் சொன்னதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டே, பிரசவத்துக்கு நீ வந்து கூட இருக்கணும், படம் வந்தால் நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்கணும் என்று பேசிக்கொண்டே போனாள். அவர்கள் போன பிறகு எதிர்வீட்டுப் பெண்ணை விட்டு மறுபடி போன் போடச் சொன்னோம். எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னோம். சொல்லிவிட்டேனே அம்மா, வேலை நடந்துகொண்டிருக்கும், இனி என் கையில் இல்லை, பார்க்கிறேன் என்று மெட்ராஸ் பெண் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

பிரசவத்துக்குப் போன என் ஓர்ப்படி ஓரிக்கையிலேயே தங்கிவிட்டாள். பையன் பிறந்திருக்கிறான். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது. சாவுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, குரல் கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்புகிறாள். நானும் தனியாகப் போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. பிள்ளைகள் மட்டும் படம் எப்போ வரும் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. போனில் பேசும்போதெல்லாம் அவளும், மகள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி அதையேதான் கேட்கிறாள். வந்துடுச்சா யக்கா, பாட்டு அப்பிடியே கீதா யக்கா என்று. எல்லோரும் அந்தப் படம் வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது வராமலே போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் படத்தை முதல் நாளே பார்ப்பீர்கள். கதையை நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அது பெரிய காரியமில்லை. பெண் கிணற்றில் விழுகிற இடத்தில் மரம் பாடும்போது மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வாசப்படி என்று ஆரம்பிக்கிற அடி இருக்கிறதா, இல்லையா என்று பார்த்து, உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் இரண்டு பேரும் தியேட்டரில் போய் உட்காருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.