ஜஸ்டின் மகளின் இரண்டு கண்கள்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ‘பம்பரம்’ ஜஸ்டின் என்றால்தான் தெரியும். இரண்டு வயதில் யாரோ விட்ட பம்பரம் இடது கண்ணில் பாய்ந்துவிட்டதாம். அதற்குப் பதிலாக வைத்த செயற்கைக் கண்தான் இப்போது இருப்பது. அவன் தக்காளி ஏலம் விடும்போது எவனாவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால், “எனக்கு ஒரு கண்ணுதாம்லே போச்சு, ஒனக்கு ரெண்டுமா?” என்பான். சந்தை சிரிக்கும், விலை ஏறும்.

மனைவி ஷெர்லினுக்கு ஏழாம் மாதம். மேலகரத்து வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா சுகிர்தம், தலை நிமிராமலே சொன்னாள்: “ஏலே, ஒன் கண்ணுல பம்பரம் ஒண்ணும் படல. கேன்சர் கட்டி. எடுக்காட்டா உயிருக்கே ஆபத்துன்னாவ. பொண்ணு கெடைக்காதுன்னு மறைச்சிட்டேன். இப்ப வாற பிள்ளைய நெனச்சா நெஞ்சு அடிச்சிக்கிடுது.”

ஜஸ்டினின் கை இடது கண்ணுக்குப் போயிற்று. ஷெர்லின்தான் பேசினாள். “எங்கிட்ட மறைச்சதுக்குப் பெறவு சண்டை போடுதேன் அத்தே. எந்த ஆஸ்பத்திரின்னு மொதல்ல சொல்லுங்க.”

மதுரையில் ஜஸ்டினின் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். செல் கண்டபடி பெருகாமல் தடுக்க ஒரு ஜீன் உண்டு. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று ஒவ்வொரு செல்லிலும் இரண்டு. “உங்களுக்குப் பிறவியிலேயே ஒண்ணு பழுது. கண்ணுல ஏதோ ஒரு செல்லுல இன்னொண்ணும் கெட்டுப்போச்சு. அதுதான் கட்டியாச்சு.”

“சைக்கிளுக்கு முன் பிரேக்கு, பின் பிரேக்கு மாதிரி?” என்று கேட்டான் ஜஸ்டின்.

“அதேதான். அந்தப் பழுது பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி.”

குற்றாலச் சாரல் தென்காசி வரை அடித்த ஆனி மாதத்தில் மகள் பிறந்தாள். பழுதும் வந்திருந்தது. முதல் சோதனையிலேயே வலது கண்ணுக்குள் கசகசா அளவில் ஒரு புள்ளி. லேசரால் சுட்டார்கள். “இன்னும் தாமதிச்சிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா.

ஊர் திரும்பும் ரயிலில் சுகிர்தம் மருமகளிடம் மெல்லக் கேட்டாள். “ஏட்டி, எப்ப சண்டை போடப் போற?”

“பிள்ளை தூங்கட்டும் அத்தே.”

இப்போது குழந்தைக்கு ஒரு வயது. மயக்கம் கொடுத்துக் கண்ணைச் சோதிக்க ஒவ்வொரு முறை உள்ளே கொண்டுபோகும்போதும் ஜஸ்டின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பான். இம்முறை டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். “ரெண்டு கண்ணும் சுத்தம். புதுசா ஒண்ணுமில்ல. ஆனா சோதனைக்கு வாறத மட்டும் விட்றாதீங்க.”

ஜஸ்டின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “அன்னைக்குச் சொன்ன ஒன் வாய்க்குச் சக்கரைதாம்மா போடணும்.”

“எனக்குச் சுகருல்லா இருக்கு. பேசாம இருலே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சுகிர்தம். “உள்ள பிள்ளை முழிச்சிட்டா. பசியில கத்துதா, போய்த் தூக்கு.”