கிழங்கு மில்லில் என்னை நிற்க வைத்த தேவன்

அம்மா செத்து ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் ஜெயிலில் இருந்தேன். வெள்ளிமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மாதம் ஒரு தடவை மனு போட்டு என்னைப் பார்த்துவிட்டுப் போவது அம்மா மட்டும்தான். அந்த மாதம் மாமா வந்து நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"காய்ச்சல்தான்டா. மலையெறக்கிக் கொண்டாறதுக்குள்ள ஆயிடுச்சு. அடக்கம் பண்ணிட்டோம்" என்றார்.

அன்பானவர்களே, நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் குற்றம் சாராயம். மலையில் காய்ச்சியதை லாரி டியூபில் அடைத்துத் தோளில் மாட்டி, காட்டு வழியாகக் கீழே இறக்குவேன். இரண்டு வருஷம் செய்தேன். கச்சிராயபாளையம் பக்கத்தில் பிடிபட்டேன். அம்மா மனு போட்டுப் பார்க்க வரும்போதெல்லாம் "ஜெபம் பண்றியாடா?" என்று கேட்பார்கள். பண்ணுகிறேன் என்று பொய் சொல்வேன்.

போன மாசி மாதம் வெளியே வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. ரோட்டுக்குப் போவேன், திரும்புவேன், மறுபடியும் போவேன். மூன்று இடத்தில் வேலை கேட்டேன். மூன்று இடத்திலும் ஜெயிலுக்குப் போனதைச் சொன்னேன். மூன்று பேரும் "சொல்லி அனுப்புறம்பா" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் சாராயம் காய்ச்சுகிறவன் விடாமல் போன் செய்தான். "மச்சான், டியூப் தூக்க ஆள் பத்தல. எப்ப வர்ற?"

நாலாவதாக, சின்னசேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மில்லுக்குப் போனேன். அங்கே பொய் சொன்னேன். "ரெண்டு வருஷமா கேரளாவுல மொளகு பறிக்கப் போயிருந்தங்க." மலைக்காரர்கள் பாதிப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அன்றுதான் முதல் முறையாக மனதார ஜெபித்தேன். "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக் கூடாது." அந்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி, "எல்லாம் வரிசையா நில்லுங்க, தலை எண்ணணும்" என்றார். ஜெயிலில் தலை எண்ணும்போது இரண்டிரண்டு பேராகக் குந்தி, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். என் உடம்பு தானாகக் குந்திவிட்டது. மற்ற எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

லோடுமேன் ஏழுமலை சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் உள்ளே போய் வந்தவர்.

"இன்னாடா, கேரளாவுல மொளகை இப்டி குந்திக்கினுதான் பறிப்பாங்களா? எந்த ஜெயில்ல இருந்தடா? எதுக்குப் போன?"

எனக்குப் பொய் வரவில்லை. "சாராயம்ணா" என்றேன்.

சிரிப்பு நின்றது. கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த ராணி அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவர் வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே செத்தவர். மில்லில் அது எல்லோருக்கும் தெரியும்.

"எம்புருசன் குடிச்சது நீ தூக்கினு வந்ததா?"

"இருக்கலாங்கக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம். முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் வந்து பார்க்கச் சொல்லி முதலாளியம்மா ஆள் அனுப்பினார். அதுவரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. போனில் சாராயம் காய்ச்சுகிறவன் நம்பரை எடுத்தேன், வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். பிறகு, மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குத் திப்பி காயப்போட்டிருக்கும் களத்தின் ஓரத்தில் முழங்கால் போட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. "எங்கம்மா மொகத்தைக்கூட பாக்க விடலியே" என்று அழுதேன். அழுது முடித்ததும் வேறு ஒன்று வாயில் வந்தது. "இனிமே பொய் வேணாம் ஆண்டவரே. நீர் எங்க நிறுத்துறீரோ அங்க நிக்கிறேன். மலைக்கு மட்டும் அனுப்பிடாதேயும்."

முதலாளியம்மா நேராகப் பேசினார். "ஜெயிலுக்குப் போனது கெடக்கட்டும். எங்கிட்ட பொய் சொன்ன பாரு, அதாம்பா எனக்குத் தாங்கல. ஆனா எனக்கு நீ கெடுதல் ஒண்ணும் பண்ணல, மன்னிக்கிறதுக்கு நான் யாரு? ராணி வேணாம்னா நீ கெளம்பு."

ராணி அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தொரத்திட்டா எங்க போவான்மா? மலைக்குத்தான் போவான். மறுபடியும் டியூபை மாட்டிக்குவான். இன்னொருத்தி தாலி அறுப்பா. இங்கியே கெடந்து மூட்டை தூக்கட்டும், எங் கண்ணு முன்னாடி. என்னாண்ட மட்டும் பேச வேணாம்."

முதலாளியம்மா என்னிடம், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றார்.

அது ராணி அக்காவின் மனசு, ஜெபத்துக்கு வந்த பதில் இல்லை என்று சிலர் சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். என்னை வெறுக்க நியாயம் உள்ள ஒரே ஆளின் வாயிலிருந்து அந்தப் பதிலை வரவைத்தாரே, அவருக்கு ஸ்தோத்திரம்.

எட்டு மாதம் ஆகிறது. மலைக்கு அம்மாவின் கல்லறையைப் பார்க்க மட்டும்தான் போகிறேன். போன் செய்தவனிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தூக்கம் இன்னும் சரியாக வருவதில்லை. ராணி அக்கா இன்னும் பேசுவதில்லை. அவர் பக்கத்து மூட்டைகளை முதலில் தூக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உள்ளே போய் வந்த தம்பிகளே, உண்மையைச் சொல்லிவிட்டு அவர் முன்னால் நில்லுங்கள். அவர் கைவிடமாட்டார். கடை, வயல், மில் வைத்திருக்கும் விசுவாசிகளே, எங்களை நல்லவர்கள் என்று நம்ப வேண்டாம். வேலை கொடுத்துக் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிடுகிற அன்றைக்கே எங்களைக் கூப்பிட வேறொருவன் காத்திருக்கிறான்.

உங்கள் ஜெபத்தில் என் பேர் விட்டுப்போனாலும் பரவாயில்லை. ராணி அக்கா பேரைச் சொல்லுங்கள்.